நாற்பது வயதுக் கணினிக்குப் புது போர்டு எதற்கு?

"பழைய கணினியை அலமாரியில் வைத்து அழகு பார்த்தால் போதாதா? அதற்குப் புதிதாக ஒரு போர்டு வேறா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும் என்பதே பதில்.

1983-இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கியோசெரா தயாரித்து, ரேடியோ ஷாக் விற்ற கையடக்கக் கணினி. நான்கு ஏஏ பேட்டரி, எட்டு வரித் திரை, அதிகபட்சம் 32 கேபி ரேம். அடியில் உள்ள சின்ன மூடியைத் திறந்தால் கூடுதல் ரோம் செருக ஒரு சாக்கெட். ஆனால் அதன் பின் வரிசை தனி ரகம்! வழக்கமான 27சி256 சிப்பை அப்படியே செருகினால் வேலைக்கு ஆகாது. இணைப்புகளை இடம் மாற்றித் தர ஒரு குட்டி போர்டு வேண்டும்.

அதை வீட்டிலேயே வடிவமைக்க முடிவதற்குக் காரணம், எந்தப் பின்னில் எந்த சிக்னல் என்று சர்க்யூட் படத்தோடு கையேடுகள் வந்ததுதான். உள்ளே இருப்பதும் 80சி85. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் லேபில் படித்த அதே 8085 குடும்பம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த பின் படம் இங்கே உண்மையாகவே பயன்படுகிறது.

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமையே பற்றவைத்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியவரால் எதையும் கூட்ட முடியாது.

ஆனால் போர்டு செய்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தங்கள் சர்க்யூட் படத்தை அவர்களும் வெளியிட வேண்டும். பூட்டி வைத்தால், அவர்கள் ஒதுங்கும் நாளில் அந்த போர்டுக்கும் அதே கதிதான்.