மேற்கோள் கணக்கும் மேதாவிலாசமும்

ஒரு சாஸ்திரியின் யோக்கியதையை அளக்குமிடத்து, அவர் கண்ட உண்மை யாது என்று விசாரிப்பது போய், அவர் எத்தனை கட்டுரைகளைப் பிரசுரித்தார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாகக் காட்டினர் என்று எண்ணும் வழக்கம் உலகமெங்கும் வேரூன்றியிருக்கிறது. உத்தியோகமும் உயர்வும் ஆராய்ச்சிக்கான பணமும் பலவிடங்களில் இவ்வெண்ணிக்கையைப் பார்த்தே அளிக்கப்படுகின்றன. இதனால் வித்தைக்கு க்ஷேமம் விளையாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இக்கணக்கு குற்றமற்ற நோக்கத்துடனேயே பிறந்தது. யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1955-இல் வெளியிட்ட யோசனையின்படி, 1963-இல் பாரம்பரிய சாஸ்திரத்துக்கும், 1964-இல் பல சாஸ்திரங்களுக்கும் மேற்கோள் அட்டவணைகள் வெளிவந்தன. தேடுவோருக்கு வழி காட்டுவதே அவற்றின் வேலை. ஆனால் வழிகாட்டியாக வந்தது நாளடைவில் நீதிபதியாய் அமர்ந்துவிட்டது. 2005-இல் ஹிர்ஷ் என்னும் பௌதிக சாஸ்திரி, ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதையும் ஒரே எண்ணில் அடக்க வழி சொன்னார். இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது முறையேனும் மேற்கோளாகியிருந்தால் அவருக்கு 20. அடுத்த படிக்கு இருபத்தொன்று வேண்டும்.

இவ்வளவுகோலை லண்டன் வைத்தியர் ஆர்ச்சிபால்டு காராட் என்பவரிடம் வைத்துப் பார்ப்போம். சிறுநீர் வெளிக்காற்றில் கறுத்துப்போகும் ஓர் அபூர்வ நிலையை அவர் ஆராய்ந்தார். அது ஒரே குடும்பத்துச் சகோதரர்களிடம் காணப்படுவதையும், அவர்களுடைய பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவினராயிருப்பதையும் கவனித்தார். இது தொத்து வியாதியன்று, மெண்டலின் விதிப்படி இறங்கும் பிறவிக் குறை என்று 1902-இல் எழுதினார். 1909-இல் வெளிவந்த தம் நூலில், உடலின் ரசாயன வேலையில் ஒரு படிக்குரிய நொதி இல்லாமையே அதன் காரணம் என்று விளக்கினார்.

வைத்தியர் என்ற முறையில் அவருக்குக் கௌரவங்கள் வந்தன. ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலை ஆசிரியர் பதவியும் வந்தது. ஆனால் அவர் கண்ட அடிப்படை உண்மையைப் பாரம்பரிய சாஸ்திரிகளுள் மிகச் சிலரே பொருட்படுத்தினர். 1936-இல் அவர் காலமானார். 1941-இல் பீடிலும் டேட்டமும் ரொட்டியில் பூக்கும் பூஞ்சணத்தைக் கொண்டு, ஜீன்களே நொதிகளை ஆளுகின்றன என்று நிரூபித்தனர். 1958-இல் நோபல் பரிசு பெற்றபோது, தாம் கண்டது காராட் முன்னரே கண்டதுதான் என்று பீடில் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார். இன்று பிறவி ரசாயனக் கோளாறுகளுக்குச் செய்யப்படும் வைத்தியம் அனைத்துக்கும் அந்த 1902-ஆம் வருஷத்துக் கட்டுரையே வித்து. அவ்விடைக்காலத்தில் மேற்கோளை எண்ணிய கணக்குப்பிள்ளை அதற்கு என்ன மதிப்பெண் இட்டிருப்பான்?

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். புரதத்தை அளவிடும் முறையொன்றைப் பற்றி லௌரியும் அவர் கூட்டாளிகளும் 1951-இல் எழுதிய கட்டுரை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தடவை மேற்கோளாகியிருக்கிறது. மிக உபயோகமான முறைதான். ஆயினும் காராடின் உண்மையைவிட அது பெரியதென்று சொல்லத் துணிவார் யார்? பலர் கையாளுவது வேறு, பலர் சிந்தனையை மாற்றுவது வேறு.

எண் இல்லாவிட்டால் சிபார்சு தலையெடுக்கும் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் எண்ணுக்கும் சூதுண்டு. தம்மைத் தாமே மேற்கோள் காட்டுவதும், நண்பர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொள்வதும், ஒரே ஆராய்ச்சியைத் துண்டு துண்டாக்கிப் பிரசுரிப்பதும் எண்ணிக்கை ஆட்சியின் சந்ததிகளல்லவா?

நமது தேசமும் இதற்கு விலக்கல்ல. சர்வகலாசாலை மானியக் குழு 2010-இல் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் முறையை ஏற்படுத்திற்று. பட்டத்துக்கு முன் கட்டுரை பிரசுரித்தே தீரவேண்டும் என்று டாக்டர் பட்ட மாணவர்களுக்கு விதித்திருந்த நிபந்தனையை 2022-இல் அதுவே நீக்கிவிட்டது. நல்லதே, ஆனால் அத்துடன் நிற்கலாகாது. 2012-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் உருவான பிரகடனம், பத்திரிகையின் மதிப்பெண்ணைக் கொண்டு ஆளை எடைபோடாமல் ஆராய்ச்சியின் சாரத்தைப் பார்க்க வேண்டுமென்கிறது. அதை நமது தேர்வுக் குழுக்கள் உண்மையாகவே கைக்கொள்ள வேண்டும். மனுச் செய்வோர் தம்முடைய சிறந்த கட்டுரைகளில் மூன்றைக் கொடுக்கட்டும். குழுவினர் அவற்றை முழுதும் படித்து, தம் தீர்ப்புக்குக் காரணம் எழுதிக் கையெழுத்திடட்டும். சிபார்சுக்கும் சூதுக்கும் அதுவே மருந்து. படிக்க நேரமில்லாதவருக்குத் தீர்ப்பளிக்கும் ஆசனத்தில் என்ன வேலை?