தொற்றுநோய் படிக்க வெளிநாடு போகும் இளம் டாக்டர்கள்: திரும்பி வந்தால்தான் நமக்கு லாபம்!

சென்னை: மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டி தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் காசநோய் ஆஸ்பத்திரி நடத்தியவர் டாக்டர் டேவிட் சவுரி முத்து. கணித மேதை ராமானுஜம் லண்டன் பக்கம் போய் நோயில் விழுந்தபோது சிகிச்சைக்குச் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே கற்ற வித்தையோடு ஊர் திரும்பிய சவுரி முத்து, 1928-ல் தொடங்கியதுதான் தாம்பரம் சானடோரியம்.

போனார், கத்துக்கிட்டார், திரும்பி வந்தார். இந்த மூன்றில் கடைசி ஒன்றுதான் இப்போது பெரிய கேள்வி.

இவர் என்ன டாக்டர்?

இதய டாக்டர், எலும்பு டாக்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். தொற்றுநோய் டாக்டர் என்றால் "அது யாருப்பா?" என்பார்கள்.

நாலு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. டெங்கா, டைபாய்டா, எலிக்காய்ச்சலா, உண்ணிக் காய்ச்சலா? எந்த டெஸ்ட் எடுப்பது, எந்த மருந்து கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது? இதைச் சரியாகச் சொல்பவர்தான் அவர். எந்த மருந்து வேண்டாம் என்று சொல்வதும் அவர் வேலைதான்.

கண்டபடி ஆன்டிபயாடிக் விழுங்கி, கடைசியில் எந்த மருந்தும் கேட்காத நிலை வருவது ஏழைக்குத்தான் பெரிய அடி. மலிவு மாத்திரை கேட்கவில்லை என்றால் விலை கூடிய ஊசிதான். அதற்குக் காசு எங்கே போவது? டாக்டர் சீட்டு இல்லாமல் பல ஆன்டிபயாடிக்குகளை விற்கக் கூடாது என்ற விதி 2014 மார்ச் 1-ல் அமலுக்கு வந்தது. விதி மட்டும் இருந்தால் போதாது, ஆஸ்பத்திரிக்குள் சொல்லிக் கொடுக்க ஆளும் வேண்டும்.

திரும்பி வந்தவர்கள் செய்தது

சென்னை மருத்துவக் கல்லூரி பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டு 1970-களில் சென்னை திரும்பியவர். "இங்கே எய்ட்ஸ் ஏது?" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவரும் அவரது மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். வேலூரில் நடந்த பரிசோதனையில் 6 பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. 1986-ல் அப்போதைய அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டசபையில் அறிவிக்க, நாடே அதிர்ந்தது. அவர் வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் இந்த உண்மை தெரிய இன்னும் எவ்வளவு நாள் ஆகியிருக்குமோ!

வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய ககன்தீப் காங் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பயிற்சி பெற்றவர். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் ஆராய்ச்சியில் பெயர் எடுத்தார். அந்த வைரசுக்கான இந்தியத் தடுப்பூசியைச் சோதித்துப் பார்த்த 3 இடங்களில் வேலூரும் ஒன்று. 2016 முதல் அந்த மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகவே வந்துவிட்டது. படிக்கப் போனது ஒருவர், பலன் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு.

போனவர் ஏன் வருவதில்லை?

இப்போது இளம் டாக்டர்களுக்கு முக்கியமாக 2 வழி. இங்கிலாந்தின் 'மெடிக்கல் டிரெயினிங் இனிஷியேட்டிவ்' திட்டத்தில் அதிகபட்சம் 2 வருஷம் பயிற்சி. முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

அமெரிக்கா கதை வேறு. அங்கே முதலில் 3 வருஷம் பொது மருத்துவப் பயிற்சி, பிறகுதான் 2 வருஷம் தொற்றுநோய் பெல்லோஷிப். இதய டாக்டரைவிட வருமானம் குறைவு என்பதால் அமெரிக்க டாக்டர்களே இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. சீட்டுகள் காலியாகவே கிடக்கின்றன. நம்ம ஊர் டாக்டருக்கு இடம் கிடைப்பது அதனால் சுலபம்.

ஜே-1 விசாவில் போனவர் பயிற்சி முடிந்ததும் 2 வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் டாக்டர் பற்றாக்குறை உள்ள அமெரிக்க ஊரில் 3 வருஷம் வேலை பார்த்தால் விலக்கு உண்டு. 1994 முதலே இந்த வழி இருக்கிறது. 5 வருஷத்தோடு இந்த 3-ம் சேர்ந்தால் 8 வருஷம். அதற்குள் வீடு, குழந்தை, பள்ளிக்கூடம் என்று வேர் விட்டுவிடும். அப்புறம் யார் வருவார்?

கதவும் மூடுகிறது

ஏழை நாட்டு டாக்டர்களுக்குப் பயிற்சி தந்து, ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு நடப்பது அமெரிக்க அரசின் ஃபோகார்ட்டி மையம். 1968-ல் தொடங்கியது. இதை மூடிவிடலாம் என்று டிரம்ப் அரசு 2017-ல் பட்ஜெட்டில் சொன்னது, நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. 2025-ல் மறுபடியும் அதே யோசனை வந்தது. அதே வருஷம் மே மாதம் மாணவர் மற்றும் ஜே-1 விசா நேர்காணலுக்குப் புதிதாகத் தேதி கொடுப்பதைச் சில வாரம் நிறுத்தினார்கள். செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது.

அதாவது, படித்துவிட்டு ஊருக்கு வர வைக்கும் திட்டத்துக்கே முதலில் ஆபத்து.

நோயாளி இங்கே, பாடம் எங்கே?

இன்னொரு வேடிக்கை. உலக காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார். 1956-ல் சென்னையில் 193 காசநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சானடோரியத்தில் படுத்துத்தான் குணமாக வேண்டும் என்பதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே பலன்தான் என்று நிரூபித்தது. உலகமே அதைப் பின்பற்றியது. உண்ணிக் காய்ச்சல் முற்றினால் ஒரு மருந்தைவிட இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று 2023-ல் உலகுக்குச் சொன்னதும் இந்திய டாக்டர்கள்தான்.

ஆக, நோயாளியைப் பார்த்துப் பழக அமெரிக்கா போக வேண்டியதில்லை. லேப் நடத்துவது, ஆஸ்பத்திரிக்குள் கிருமி பரவாமல் தடுப்பது, ஆன்டிபயாடிக்கை அளந்து கொடுப்பது, ஆராய்ச்சி செய்வது. இதற்குத்தான் வெளிநாட்டுப் பயிற்சி உதவும். அதற்கு 8 வருஷம் வேண்டாம், ஒன்றிரண்டு வருஷம் போதும்.

பெல்லோஷிப் கொடுப்பது பாதி வேலைதான். திரும்பி வருகிறவருக்குத் தனிப் பணியிடமும் நல்ல லேப்பும் காத்திருக்க வேண்டும். "வந்துட்டீங்களா? ஓ.பி.யில் உட்காருங்க" என்று சொன்னால், அடுத்த விமானத்தில் ஏறத்தான் பார்ப்பார்.

சவுரி முத்து திரும்பி வந்ததால் ஒரு ஸ்டேஷனுக்குப் பெயர் கிடைத்தது. இப்போது போகிறவர்கள் திரும்பி வந்தால் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் காய்ச்சலோடு நிற்பவருக்குச் சரியான மாத்திரையாவது கிடைக்கும்.