இரண்டு கரிசல்கள்

சென்ற வாரம் நம் வகுப்பில் உக்ரேன் தேசத்தின் கரிய மண்ணைப் பற்றியும், அங்கே விளையும் கோதுமையைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தோம். நாகலாபுரத்துக்கு அடுத்த சிற்றூரிலிருந்து வரும் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஸார், எங்கள் புஞ்சையும் கறுப்பு மண்தானே? அந்த ஊர் மண் உலகத்துக்கே தானியம் கொடுக்கிறது என்றால், எங்கள் அப்பா மட்டும் ஏன் புஞ்சையைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவேளையாக மணி அடித்தது, அன்று தப்பினோம். மறுநாள் அவனுக்குச் சொன்ன பதிலையே இவ்வாரம் நேயர்கள் முன் வைக்கிறோம்.

உக்ரேன் நமக்கு அவ்வளவு அந்நியமான தேசமன்று. நம் வீட்டு அடுப்பங்கரையில் அப்பளம் பொரிக்கும் சூரியகாந்தி எண்ணெயில் ஒரு பங்கு அந்த மண்ணில் விளைந்து வந்தது. 2022-ம் வருஷம் அங்கே யுத்தம் மூண்டதும் இங்கே எண்ணெய் விலை ஏறியதைக் குடும்பத்தை நடத்துகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயரிலும் ஓர் ஒற்றுமை உண்டு. அம்மண்ணை 'செர்னோஸெம்' என்கிறார்கள். அதற்குக் கரிய மண் என்பதே பொருள். நாம் கரிசல் என்கிறோம்.

இனி மழையைப் பார்ப்போம். மத்திய உக்ரேனில் வருஷத்துக்குப் பெய்வது ஏறக்குறைய 500 முதல் 600 மில்லிமீட்டர். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கங்களில் சராசரியாகப் பெய்வது 600 முதல் 750 மில்லிமீட்டர். அதாவது, "மழையில்லாச் சீமை" என்று நாம் நொந்துகொள்ளும் நம் பூமிக்கே சற்று அதிகமான மழை! அப்படியிருக்க, அது களஞ்சியமாகவும் இது மானாவாரிக் காடாகவும் இருப்பானேன்?

காரணம் ஆகாயத்தில் இருக்கிறது. நாகலாபுரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகையில் உள்ளது. உக்ரேனின் நடுப்பகுதியோ ஏறக்குறைய ஐம்பது பாகையில். அங்கே குளிர்காலத்தில் நிலம் உறைந்து, மேலே பனி மூடிக் கிடக்கும். வஸந்தத்தில் அந்தப் பனி உருகி மெல்ல மண்ணுக்குள் இறங்கும். மற்ற மழையும் வருஷம் முழுவதும் பரவிப் பெய்யும். பயிர் வளரும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் அதிகம் பெய்யும். வெயிலும் இளவெயில். பெய்த நீரை ஆகாயம் அவசரப்பட்டுத் திரும்பக் கேட்பதில்லை.

நமக்கோ தென்மேற்குப் பருவ மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து வாங்கிக்கொள்கிறது. மலையைத் தாண்டி நம்மிடம் வருவது வறண்ட காற்று மட்டுமே. நமக்குரிய மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு சூரிய பகவானின் வசூல் ஆரம்பம்! பெய்கிற மழையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான நீரை ஒரு வருஷத்தில் ஆவியாக்க வல்லது நம் வெயில். வரவு ஒன்றாயிருந்தும், செலவினால் ஒரு குடும்பம் செழித்து மற்றொன்று நொடிப்பதை நாம் பார்த்ததில்லையா? நிலத்தின் கதையும் அதுதான்.

மண்ணின் கறுப்பும் ஒரே கறுப்பன்று. உக்ரேனின் புல்வெளிகளில் பல்லாயிரம் வருஷங்களாகப் புல் முளைத்து, மடிந்து, வேரோடு மண்ணுக்குள் மக்கிற்று. அந்த மக்கைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் குளிர்காலத்தில் உறங்கிவிடுவதால், மக்கு சேர்ந்துகொண்டே வந்தது. நல்ல செர்னோஸெமில் நூற்றுக்கு நாலு பங்கு முதல் பத்துப் பங்குக்கு மேலும் மக்கு உண்டு. நம் கரிசலில் ஒரு பங்கு தேறுவதே அரிது. நம் வெயிலில் நுண்ணுயிர்களுக்கு உறக்கமே கிடையாது. இட்ட குப்பையை இரண்டொரு வருஷத்தில் தின்று தீர்த்துவிடும். நம் மண்ணின் கறுப்பு, களித்துகளோடு இறுகப் பிணைந்துகொண்ட சிறிதளவு மக்கினால் வந்தது. கறுப்பைக் கண்டு வளம் என்று மயங்கலாகாது.

ஆனால் நம் கரிசலுக்கும் ஒரு பெருமை உண்டு. அதன் களி நீரைக் குடித்துப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும்படி வெடித்து, மேல்மண்ணை அவ்வெடிப்புக்குள் வாங்கித் தன்னைத் தானே உழுதுகொள்ளும். மார்கழியோடு மழை நின்றாலும், மாசி, பங்குனி வரையில் பருத்திக்குப் பால் கொடுப்பது அது சேர்த்து வைத்த ஈரமே. கரிசல் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்மாய்.

இடர் விதைப்பில் இருக்கிறது. பெருமழை விழுந்துவிட்டால் கரிசல் சேறாகிக் காலை விடாது, ஏர் இறங்காது, டிராக்டரும் இறங்காது. ஆகவே புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதையைப் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிறு தூறல் விழுந்து விதை முளைத்து, அப்புறம் மழை பத்து நாள் பின்வாங்கினால் போட்ட முதல் போயிற்று. மறுவிதைப்புக்குக் கடன். உக்ரேன் குடியானவனுக்குப் பனி உருகிய ஈரம் விதைக்கு முன்பே மண்ணில் காத்திருக்கிறது. நம்மவனோ ஈரம் வருமென்று நம்பி விதைக்கிறான்.

கரிய மண் பஞ்சத்துக்குக் காப்பு என்றும் எண்ணவேண்டாம். 1891-ம் வருஷம் ருஷ்ய ஸாம்ராஜ்யத்தின் கரிய மண் பிரதேசங்களிலேயே மழை பொய்த்துக் கொடிய பஞ்சம் வந்தது. செர்னோஸெமை ஆராய்ந்து 1883-ல் பெரும் நூல் எழுதிய வஸிலி டொகுச்சாயெவ் என்னும் அறிஞர், அப்பஞ்சத்தின் காரணத்தைத் தேடினார். காடுகளை வெட்டியதும், புல்வெளிகளை முழுதும் உழுததும், ஓடைகள் அரித்து நீர் ஓடிப்போனதுமே காரணமென்று கண்டார். மரவரிசைகள் வையுங்கள், ஓடைகளை மறித்துக் குளம் கட்டுங்கள், பனியையும் மழையையும் நிலத்தில் நிறுத்துங்கள் என்றார். 1892 முதல் அதைச் சோதனையாகச் செய்தும் காட்டினார்.

இதைப் படித்தபோது நமக்கு நம் ஊர்க் கண்மாய்கள் நினைவுக்கு வந்தன. கரை கட்டி நீரை நிறுத்தியவர்கள், கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டியில் அள்ளிப் புஞ்சையில் கொட்டியவர்கள், அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை அமர்த்தியவர்கள் எந்த நூலையும் படித்தவர்களல்லர். வெயில் தின்றுவிடும் மக்கை வருஷந்தோறும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று பல கண்மாய்களுக்குள் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது, கிடைகளும் குறைந்துவிட்டன. கண்மாயைத் தூர்வாருவதை ஏதோ நீர்ப்பாசன வேலை என்று மட்டும் நினைக்கிறோம். நமக்கு அது மண்ணுக்கு உணவிடும் வேலையுமாகும்.

பையனிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, உன் அப்பா சோம்பேறியல்லர், உங்கள் மண்ணும் ஏமாற்றுவதன்று. பெய்கிற மழை போதாது என்பதைவிட, பெய்ததை நாம் நிறுத்தி வைக்கவில்லை என்பதே உண்மை. அதை உன் அப்பா தனியாகச் செய்ய முடியாது; ஊர் சேர்ந்துதான் செய்யவேண்டும்."

அவன் சற்று யோசித்து, "அப்படியானால் அப்பா திரும்பி வரலாமா, ஸார்?" என்றான்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அதைச் சொல்லவேண்டியவர்கள் ஊரிலுள்ள பெரியவர்கள். அதற்குள் ஐப்பசி வந்துவிடக் கூடாது.