ரீவைண்ட்: சமையற்கட்டில் ஆடிய பாலுவும் கும்மிக்குக் கிளம்பிய அம்மாவும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து அம்மா பாயில் சாய்ந்திருந்தார். நான் செல்போனில் இந்த வாரப் பத்திக்காகப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன கண்ணு பாக்கற?"

"சலங்கை ஒலிம்மா."

"கமல் கிணத்து மேல ஏறி ஆடுவாரே, அதா? கொஞ்சம் நகந்து உக்காரு."

அடுத்த இரண்டரை மணி நேரத்துக்கு அந்தச் சின்னத் திரையை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். பாதிப் படத்தில் நெட் பேக் தீர்ந்துபோய், அம்மா போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கினேன் என்பது தனிக்கதை.

படம் தெரியாத தம்பி, தங்கைகளுக்காகச் சுருக்கமாக: 1983-ல் கே.விஸ்வநாத் தெலுங்கில் எடுத்த 'சாகர சங்கமம்'தான் தமிழில் 'சலங்கை ஒலி'. கமல்ஹாசன், ஜெயப்ரதா, சரத்பாபு நடித்த படம். இளையராஜாவுக்கு முதல் தேசிய விருதை வாங்கித் தந்தது. எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கும் இதே படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. அப்போது கமலுக்கு வயது 28. படத்தில் பாதி நேரம் நரைத்த தலையோடு, குடித்துக் குலைந்த மனிதராக வருவார்.

அந்த அண்டா நம்மூருதான்!

பாலுவின் அம்மா கல்யாண வீடுகளில் சமையல் வேலை செய்பவர். மண்டபத்தில் ஒரு பெரிய நடனக் கலைஞர் ஆடிக்கொண்டிருப்பார். அதே பாட்டுக்கு உள்ளே சமையற்கட்டில், அண்டா குண்டாக்களுக்கு நடுவே பாலு தனியாக ஆடுவார். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, மாதவி படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் காட்சியில் அம்மா சொன்னது: "அந்தப் பாத்திரமெல்லாம் நம்மூர்ல அடிச்சதா இருக்கும்."

சிரிக்காதீர்கள். வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பூர் என்றால் பனியன். எங்கள் அனுப்பர்பாளையத்துக்குப் பாத்திரம்தான் முதல் அடையாளம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று பட்டறைச் சத்தத்தில்தான் பொழுது விடியும். என் அப்பாருவும் பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்தான். தகட்டைத் தட்டும்போது சுத்தியல் ஒரே தாளத்தில் விழவேண்டும், தவறினால் வடு விழும் என்பார். அவரை யாரும் கலைஞர் என்று சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். நாள் முழுக்க மேஜை முன்னால் நின்றபடி, பீஸைத் திருப்பித் திருப்பி ஓட்டையும் கறையும் தேடும் வேலை. ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். அந்தக் கால்கள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடியவை என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அடுத்த வருஷம் விழா நடக்காதா?

இந்தப் படத்தில் எல்லோரும் பேசும் காட்சி ஒன்று உண்டு. டெல்லியில் நடக்கும் நடன விழாவின் அழைப்பிதழைப் பாலு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். பெரிய பெரிய கலைஞர்களின் படங்கள். கடைசியில் ஒரு பக்கத்தில் அவருடைய படம். நம்பமுடியாமல் அழுவார், சிரிப்பார், மாதவியைப் பார்ப்பார். எத்தனை முறை பார்த்தாலும் நமக்கும் கண் கலங்கிவிடும்.

ஆனால், விழாவுக்கு முன்பே பாலுவின் அம்மா இறந்துவிடுகிறார். மேடை ஏறாமலே போகிறது. காதலும் கை கூடவில்லை. மாதவியை அவருடைய கணவரோடு சேர்த்துவைத்துவிட்டு பாலு குடியில் விழுகிறார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, அந்த வருஷ விழா போச்சு, சரி. அடுத்த வருஷம் விழா நடக்காதா?"

என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடங்களாக பாலுவின் வீழ்ச்சியைக் காவியமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். வாரக் கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு அப்படி உடைந்துபோய் உட்கார வசதியில்லை. அம்மா விட்டுக்கொடுத்ததும் பாலு விட்டதும் ஒன்றல்ல. அம்மா விட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனார்.

"அவனுக்காச்சும் கூட இருந்து பாத்துக்க ஒரு ரகு இருந்தான்" என்றார் பிறகு. சரத்பாபு நடித்த நண்பன் பாத்திரம். கனவைத் துரத்துகிறவனைப் பற்றிப் பேசும் நாம், அவனுக்குச் சோறு போட்டு, வைத்தியம் பார்த்து, திட்டி, தூக்கிச் சுமந்தவனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பாலு எப்போது வளர்ந்தார்?

படத்தின் தொடக்கத்தில், பத்திரிகையில் விமர்சனம் எழுதும் பாலு, சைலஜா என்ற இளம்பெண்ணின் நடனத்தைக் கிழித்து எழுதியிருப்பார். கோபத்தோடு வரும் அவளுக்கு, ஒரே வரியைப் பரதம், கதக், கதகளி என்று ஆடிக்காட்டுவார். கைதட்டத் தோன்றும். ஆனால் அங்கே இருப்பது வித்தை மட்டும்தான். மனசு நிறையக் கசப்பு.

அதே பெண் மாதவியின் மகள். அவளுக்கே கடைசியில் பாலு குருவாகிறார். உடம்பு ஒத்துழைக்காத நிலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்து, தான் ஏறாத மேடையில் அவள் ஆடுவதைப் பார்க்கிறார். தனக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைக்கும்போது பொறாமைப்படாமல் இருக்க முடிகிறதே, எனக்கு அதுதான் பாலு பெரியவனாகும் இடம்.

படம் முடிந்ததும் அம்மா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். கோயில் திடலில் ராத்திரி வள்ளி கும்மி பழக்குகிறார்களாம். செக்கிங்கில் கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்களாம்.

என் வாயில் சட்டென்று வந்தது: "இந்த வயசுலயாம்மா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாயைச் சுருட்டிவைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வள்ளி முருகன் கதையைப் பாடி வட்டமாக ஆடும் இந்தக் கும்மியை ஒருகாலத்தில் ஆண்கள்தான் ஆடினார்கள். பெண்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவர் காரமடை பக்கத்துப் பத்திரப்பன். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 87. அந்தச் செய்தியை எங்கள் டெஸ்க்கில் ஆர்வமாகப் படித்தவர்களில் நானும் ஒருத்தி. ஊரான் வீட்டுத் தாத்தாவுக்குக் கைதட்டத் தெரிந்த எனக்கு, சொந்த அம்மாவிடம் வயதைக் காட்டத்தான் தெரிந்திருக்கிறது.

காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். "பழக்கம் எத்தன மணிக்கும்மா? நானே வண்டில கொண்டுபோய் விடறேன்."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எட்டு மணிக்கு. வெள்ளிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் வேண்டாம்னு நேத்தே சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு."

என் அனுமதிக்காக அவர் காத்திருக்கவே இல்லை. நான்தான் ரகுவாக ஒரு வாய்ப்பைத் தவறவிடப் பார்த்தேன்.

இந்த ஞாயிறு உங்கள் வீட்டிலும் 'சலங்கை ஒலி' பாருங்கள். பார்க்கும்போது பக்கத்தில் அம்மாவை, அப்பாவை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சின்ன வயசுல உங்களுக்கு என்ன பிடிக்கும்?" பதில் என்னவாக இருந்தாலும், என்னைப்போல அவசரப்பட்டு வாயைத் திறந்துவிடாதீர்கள்.