காயிலை இடம் மாற்றிப் பாருங்கள்
நின்ற இடத்தில் கார் குலுங்கினால் மெக்கானிக் வாயில் முதலில் வருவது, "பிளக் செட்டையே மாத்திடலாம் சார்." எது கெட்டது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுவது பழுதுபார்ப்பே அல்ல என்பது என் கட்சி. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஓபிடி ஸ்கேனரைச் செருகினால், உதாரணமாக பி0302 என்ற குறியீட்டைக் காட்டும்: இரண்டாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பழுது பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலா, பிளக்கா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியென்றால், இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, இரண்டாவதன் காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றுங்கள். பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பி0303 வந்தால், பழுது காயிலோடு மூன்றாவதற்கு நகர்ந்துவிட்டது; திருடன் காயில்தான். நகராவிட்டால் பிளக்கையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். பைசா செலவில்லை. (மூன்று சிலிண்டர் மாருதி 800-இல் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சத்தம் மாறாத சிலிண்டரைப் பிடித்தார்கள். இன்றைய வண்டியில் அந்த வித்தை வேண்டாம். ஷாக் அடிக்கும், காயிலும் போகலாம்.) இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் வண்டியை ஓட்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை உள்ளேயே உருக்கிவிடும்; அதன் விலைக்குக் காயில்கள் மொத்தத்தையும் புதிதாகவே வாங்கலாம்.