பாதுகாப்பு அதிகாரி

மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று விசாரிக்கும்போது, “சர்வகலாசாலையில் பாதுகாப்பு அதிகாரி” என்று விடை வந்தால், பெண்ணைப் பெற்றவரின் முகம் சற்றே சுருங்குகிறது. வாசலில் தடியூன்றி நிற்கும் காவற்காரர் அவருடைய மனக்கண்ணில் தோன்றிவிடுகிறார் போலும்!

உண்மையில் இது கற்றவர் செய்ய வேண்டிய வேலை. ரஸாயனத்திலோ இயந்திர சாஸ்திரத்திலோ பட்டம் பெற்று, அதன்மேல் தொழிற் பாதுகாப்பு டிப்ளமாவும் பெற்றவர்களே இதற்குத் தகுந்தவர்கள். சென்னை ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட்டில் அந்தப் படிப்பு உண்டு. எந்தத் திராவகத்தின் அருகே எதை வைக்கலாகாது, நச்சாவியை வெளியேற்றும் பெட்டி சரிவர இழுக்கிறதா, ஆபத்துக் கால வழியை எவரேனும் பூட்டி வைத்திருக்கிறார்களா என்றெல்லாம் ஓயாது பார்த்துவர வேண்டியவர் அவர். ஒன்றும் நடவாதிருப்பதே அவர் வேலைக்கு அத்தாட்சி. ஆகையால், சம்பள உயர்வு கேட்கும்போது எடுத்துக் காட்டக் கையில் ஒன்றும் இராது!

ஆனால் குறையைக் கண்டு எழுதி வைப்பதோடு காரியம் முடிந்துவிடுமா? அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் 2008 டிசம்பர் 29 அன்று, 23 வயதான ஆராய்ச்சி உதவியாளர் ஒருத்தி, டெர்ட்-பியூட்டைல் லித்தியம் என்னும் திரவத்தை ஊசிக்குழலில் எடுத்துக் கொண்டிருந்தாள். காற்றுப்பட்ட மாத்திரத்தில் பற்றியெரியும் திரவம் அது. குழலின் தண்டு கழன்று வந்துவிட்டது. செயற்கை நூலாலான அவளது ஸ்வெட்டரில் தீப்பிடித்தது. பதினெட்டு நாள் போராடி உயிர் நீத்தாள்.

அந்தப் பரிசோதனைச் சாலையைப் பாதுகாப்பு இலாகாவினர் இரண்டு மாதத்துக்கு முன்பே பார்வையிட்டிருந்தார்கள். வேலை செய்வோர் மேலங்கி அணிவதில்லை என்று குறித்தும் இருந்தார்கள். குறிப்பு காகிதத்தில் இருந்தது. மேலங்கி அவள்மேல் இல்லை. 2011-ல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2012-ல், பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சீர்திருத்தவும், அவள் பெயரால் சட்ட மாணாக்கருக்கு 5,00,000 டாலர் உபகாரச் சம்பள நிதி ஏற்படுத்தவும் சர்வகலாசாலை இசைந்தது. மேலங்கி ஒன்றின் விலை என்ன ஆகியிருக்கும்?

நம் நாட்டில், 1976-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்த விதி ஒன்று, ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்குப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. கலாசாலையையோ எவரும் ஆலையாக நினைப்பதில்லை. அங்கே அமிலத்தோடும் மின்சாரத்தோடும் புழங்குகிறவர்கள் கூலி வாங்கும் தொழிலாளரல்லர். கட்டணம் செலுத்தும் நம் குழந்தைகள்.

ஆகையால், இந்த உத்தியோகத்துக்கு மனுப் போடும் வாலிபர்களும் பெண்களும் சம்பளத்தைக் கேட்குமுன் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்பது நலம். “என் அறிக்கை யாரிடம் போகும்? குறை தீரும் வரையில் ஓர் ஆராய்ச்சிச் சாலையை மூடு என்று நான் சொன்னால், அதன் தலைவர் எத்தனை பெரிய பேராசிரியராயினும் மூடுவாரா?” இரண்டாவது கேள்விக்கு மென்று விழுங்கிக்கொண்டு பதில் வருமாயின், வேறிடம் பார்க்கலாம்.

பெற்றோரும், பிள்ளையைச் சேர்க்கும் தினத்தன்று விடுதிச் சாப்பாட்டை விசாரித்த பிறகு, பாதுகாப்பு அதிகாரியின் அறை எங்கே என்று கேட்கலாம். குமாஸ்தா சிறிது திகைப்பார், திகைக்கட்டும்.