2520 அதிசய எண்ணா?



டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள் நெருங்கினால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் 2520 வந்துவிடும். 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும் விசித்திர எண்ணாம். ராமானுஜன் கண்டுபிடித்ததாம். வாரத்தின் 7 நாள், மாதத்தின் 30 நாள், ஆண்டின் 12 மாதம் மூன்றையும் பெருக்கினால் வருமாம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

2520 யாரும் கண்டுபிடிக்க வேண்டிய எண் அல்ல. மீச்சிறு பொது மடங்கு என்று ஆறாம் வகுப்பில் போட்டோமே, அதுதான். 8, 9, 5, 7 நான்கையும் பெருக்குங்கள், வந்துவிடும். அதை 11ஆல் பெருக்கினால் 27720. அது 12 வரை எல்லா எண்களாலும் வகுபடும். மேலும் 26ஆல் பெருக்கினால் 7,20,720. அது 16 வரை வகுபடும். அவற்றுக்கெல்லாம் கும்பிடு கிடையாதா? நாள், மாதக் கணக்கோ வெறும் தற்செயல். 30ஐ 12ஆல் பெருக்கினால் 360. நம் ஆண்டுக்கு 360 நாளா?

இதில் வருத்தம் என்னவென்றால், ராமானுஜன் உண்மையில் செய்த வேலை இந்தச் செய்தியால் மறைந்துபோகிறது. அவர் கேட்ட கேள்வி வேறு. 12க்கு 6 காரணிகள். 12ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் 6 காரணிகள் இல்லை. அதேபோல் 24க்கு 8. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சும் பகு எண்கள் எவை? மிகுபகு எண்கள் என்று வைத்துக்கொள்வோம். 2520 அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். இதைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. இந்த ஆய்வுக்காகத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. போர்க்காலப் பணமுடையில் அச்சாகாமல் நின்ற மீதிப் பகுதி 1997இல்தான் வெளியானது!

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி. பயப்படாதீர்கள், பகாக் காரணிகளாகப் பிரித்தால் சாதுவாகிவிடும்: 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5ம் 7ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வொரு முறைக்கும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. மொத்தம் 10,080 காரணிகள். கணிப்பொறி இல்லாத காலத்தில் அதுவரை வரிசையாகப் போட்டிருக்கிறார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருப்பது. 2,93,31,86,25,600. அதற்கு 5,040 காரணிகள்; பட்டியலில் இருந்திருக்க வேண்டியது. வேடிக்கை என்னவென்றால், அதை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே வந்துவிடும்.

நாமகிரித் தாயார் மீது ராமானுஜனுக்கு இருந்த பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாமே அருளால் கிடைத்தது என்று கேட்டு வளரும் பிள்ளை, "அவர் தெய்வப் பிறவி, கணக்கு நமக்கு வராது" என்று நோட்டை மூடிவிடுகிறது. எத்தனையோ வகுப்புகளில் அதைப் பார்த்திருக்கிறேன். வரிசையாக எண்களைப் போட்டு, நடுவில் ஒன்றை விட்டுவிட்ட ராமானுஜனைக் காட்டினால் அந்தப் பிள்ளை ஒருவேளை பென்சிலை எடுக்கும்.

ஆகவே அந்தச் செய்தியை இனி எனக்கு அனுப்பாதீர்கள், குழந்தைகளுக்கும் அனுப்பாதீர்கள். பதிலாக, 60இன் காரணிகளை எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு வரும். 60க்கு அடுத்த மிகுபகு எண் எது? விடையைக் கீழே பிள்ளைகள் மட்டும் எழுதட்டும். பெரியவர்கள் கொஞ்சம் பொறுங்கள், குறிப்பாகப் பொறியாளர் மருமகன்கள்.